மஞ்சள் வீடு வந்ததும் மெதுவா

"இப்ப இடது பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வரும். அதைத் தாண்டினா கடல்" என்றார் டிரைவர்.

பயணத்தின் மூன்றாம் நாள் காலை. சாலையோரத்தில் போர்டு எதுவும் இல்லை. மடியில் வரைபடம் இல்லை. போனுக்குள் இருந்து வழி சொல்லும் பெண்ணை அவர் கிளம்பின அன்றைக்கே வாய் மூட வைத்துவிட்டார். பத்து மூச்சு விடுவதற்குள் பெட்ரோல் பங்க் வந்தது. அதைத் தாண்டியதும், சொல்லி வைத்தாற்போல, கடல் வந்தது.

"இந்தப் பக்கம் நாம வந்ததே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் செக்கரம்மா.

"ஒரு யூகம்தான்."

"யூகத்துல பெட்ரோல் பங்க் கூடவா வரும்?"

"முப்பத்திநாலு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவனுக்கு ரோடு வாசனை காட்டிக் கொடுக்கும்மா."

யாருடைய வாசனை என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு அவள் கடலைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷமாகக் காட்டுகிறேன் காட்டுகிறேன் என்று அவர் சொல்லிவந்த கடல். அதைப் பார்க்கிற நேரத்தில் பார்க்கவிடாமல் செய்துவிட்டாரே பாவி மனுஷன் என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

அவளைச் செக்கரம்மா என்றும், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் புருஷனை டிரைவர் என்றும்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கிற கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். உட்கார்ந்தவள் அல்ல, நின்றவள். நாற்காலி போட்டால் பொம்பளைகள் கண் அசந்துவிடுவார்கள் என்று கண்டுபிடித்த மேனேஜர், நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் அதைக் கண்டுபிடித்தான். தைத்த சட்டைகள் ஒவ்வொன்றாக வரும். புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ பொத்தான் கோணியிருந்தாலோ அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். யார் தைத்தது, ஏன் விட்டது என்ற விசாரணை கிடையாது, சண்டை கிடையாது. அம்பு ஒட்டின சட்டை பெட்டிக்குள் போகாது, அவ்வளவுதான். முதலாளி வீட்டு மாப்பிள்ளைக்குத் தைத்ததாக இருந்தாலும் போகாது. ஒரே ஒரு விஷயம், அவள் டேபிளில் தையலை மட்டும்தான் பார்ப்பார்கள். துணியில் ஓட்டையா, கறையா என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே வேறு செக்ஷனில் பார்த்து முடித்திருப்பார்கள். துணி நல்ல துணி என்று நம்பித்தான் தையல் பார்க்கிறவள் வேலையைத் தொடங்குவாள்.

வேலையை விட்டு வந்த அன்று ஒரு சுருள் ஸ்டிக்கர் கைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது. அது இன்னும் தீர்ந்தபாடில்லை. இந்தக் கேரவனில் ஏறின முதல் நாளே அலமாரிக் கதவின் ஆடுகிற கீலுக்கு ஒன்று, சொட்டுகிற குழாய்க்கு ஒன்று, ஒரு பக்கம் இறங்கின திரைச்சீலைக்கு ஒன்று என்று ஒட்டிவிட்டாள். கேரவன் அவள் தம்பியுடையது. அவன் ஒர்க்ஷாப்பில் ஓரமாக நின்று தூசி தின்றுகொண்டிருந்ததை, "எங்களுக்கு ரெண்டு வாரம் குடுடா மாப்ளே" என்று கேட்டு வாங்கிக் காருக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வந்தார் டிரைவர். முந்தி இருந்த மனுஷனாக இருந்தால் இந்த அம்புகளைப் பார்த்துச் சும்மா இருந்திருக்க மாட்டார். "உன் தம்பி வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டிருப்பார். இப்போது மூன்று நாளாக அதே குழாயில்தான் பல் விளக்குகிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசு இங்கே இருந்தால்தானே?

சந்தேகம் கடலோரத்தில் முளைத்தது அல்ல. எட்டு மாதமாகவே அவர் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. பேசும்போது அவள் காதைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறார். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார். அப்புறம், மாதத்துக்கு ஒன்றாக மூன்று தடவை, ஓய்வுபெற்ற டிரைவர்கள் சங்கத்தில் வெளியூர்க் கூட்டம் என்று பை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார். மூன்று தடவையும் முகத்தில் ஒரு தெளிச்சி. மருந்துக் கடையில் சங்கச் செயலாளரைத் தற்செயலாகப் பார்த்தபோது, "கூட்டமெல்லாம் ஜோரா நடக்குதாமே" என்று அவள் பேச்சுக்குச் சொன்னாள். அந்த மனுஷர் சிரித்துவிட்டார். "சங்கமா? அது கூட்டம் போட்டே ரெண்டு வருஷம் ஆச்சும்மா. நாற்காலிக்கு வேற துரு பிடிச்சிருச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் கேட்கவில்லை. ஒரு நூல் தொங்கினால் உடனே கூச்சல் போடுகிறவள் நல்ல செக்கர் அல்ல. மெல்லப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும், எது வரைக்கும் பிரிகிறது என்று. அடுத்த வாரமே அவர், "கடலோரமா ஒரு பன்னிரண்டு நாள் போயிட்டு வருவோமா? கேரவன்ல" என்றபோது, எட்டு மாதம் மூஞ்சி கொடுத்துப் பேசாத மனுஷனுக்கு எங்கிருந்து இந்தப் பாசம் என்று அவள் வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "கொடுத்து வெச்சவ நீ" என்றாள். மகள் போனில், "ரெண்டாவது ஹனிமூனாம்மா?" என்று கிண்டல் பண்ணினாள். செக்கரம்மா சிரித்துவைத்தாள். கூடப் போனால்தானே கையும் களவுமாகப் பிடிக்கலாம். இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது தனக்குப் புருஷன் என்று ஒருவன் இருக்கிறானா இல்லையா?

அன்று மதியம் டீக்கு நிறுத்தினார்கள். கடற்கரையை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. நாற்பது வயசு மதிக்கத்தக்க கடைக்காரி நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிறவள். டிரைவர் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, "அட, வாங்கண்ணே! இந்தத் தடவை வண்டியோடவா?" என்றாள்.

செக்கரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரைச் சொல்றீங்க? நான் இப்பதாம்மா முதல் தடவையா வர்றேன்" என்றார் டிரைவர்.

"விளையாடாதீங்கண்ணே. பஸ்ஸு டீக்கு நிக்கிறப்ப இந்த மூலையிலதானே உட்கார்ந்து..." என்று ஆரம்பித்த கடைக்காரி, பின்னால் நின்ற செக்கரம்மாவைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு நின்றது. "இல்ல, வேற யாரோ. ஒரே ஜாடை" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

ஒருத்தி இன்னொருத்திக்காக வாயை மூடிக்கொள்கிறாள் என்றால் விஷயம் எத்தனை அசிங்கமாக இருக்க வேண்டும்! அதைவிட, டிரைவர் டீ குடித்த லட்சணம். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அந்தக் கடைக்காரியை ஓரக்கண்ணால் பார்த்தார். முந்தின நாள் கேரவன் நிறுத்துகிற இடத்தில் சாவி கொடுத்த பெண்ணையும் இப்படித்தான், தலையைச் சாய்த்து, கழுத்தைத் திருப்பி. அறுபத்துமூன்று வயசில் வாத்தியாருக்குப் பயந்து பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி! கட்டின பெண்டாட்டியை நேராகவும் பார்ப்பதில்லை, ஓரமாகவும் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஓரக்கண்.

"கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. டீ சட்டையில வழியுது. துடைச்சுக்குங்க."

சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தினமும் இதே கதைதான். வெயில் சாய்ந்ததும் ஒரு அடி ஓட்ட மாட்டேன் என்கிறார். ராத்திரி பகல் பார்க்காமல் வெளியூர் பஸ் ஓட்டின ஆள்! ஏன் என்று கேட்டால், "ஓய்வா வந்திருக்கோம், என்ன அவசரம்?" என்று வசனம். அவர் கேரவனுக்குள் குளிக்கப் போன நேரத்தில், செக்கரம்மா காருக்குள் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். சட்டை சோதிக்கிற மாதிரி சோதித்தாள். முதலில் காலர், அப்புறம் கை, கடைசியில் உள்பக்கம். கண்ணாடிக்கு மேலே உள்ள மடிப்பில் ஒன்றுமில்லை. கதவுப் பைகளில் ஒன்றுமில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் கை விட்டபோது ஒரு நோட்டு வந்தது.

பள்ளிக்கூட நோட்டு. உள்ளே தடித்த மார்க்கர் பேனாவால் ஒரு பக்கத்துக்கு நாலே நாலு வரி. எழுத்து ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவு. இத்தனை பெரிய எழுத்தில் யார் எழுதுவார்கள்? காதல் முற்றினவன்தான் எழுதுவான்.

"டீக்கடை. சிரிப்புச் சத்தம்" என்று ஒரு பக்கம். செக்கரம்மாவுக்கு உச்சந்தலை சூடேறியது. "மீன் வாடை. அப்புறம் தடதட" என்று இன்னொரு பக்கம். இது என்ன சங்கேதமோ! பக்கத்தைப் புரட்டினாள்.

"மஞ்சள் வீடு வந்ததும் மெதுவா. அதுக்கப்புறம் மூணு நிமிஷம்."

கேரவனுக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நோட்டை இருந்த இடத்திலேயே சொருகினாள். சொருகுவதற்கு முன் கை தானாகவே ஒரு சிவப்பு அம்பை உரித்து அந்த வரியின் மேல் ஒட்டிவிட்டது. ஒட்டினால் பார்த்துவிடுவாரே என்ற நினைப்பு அப்புறம்தான் வந்தது. பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவர் வாயிலிருந்தே வரட்டும்.

மறுநாள் காலையில் கிளம்புவதற்கு முன், அவர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மணல் பக்கம் நடந்துபோனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, வாயை அசைத்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. திரும்பி வந்தார். சீட்டுக்கு அடியில் வைத்தார். அம்பைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. முகத்தில் ஒரு சின்ன அதிர்ச்சி கூட இல்லை.

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தாள் செக்கரம்மா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். மேலே அம்பு ஒட்டிக் கொடுத்த பிறகும் மறைக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

வண்டி நகர்ந்தது. டிரைவர் ஒரு பெரிய லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தார். முந்திக்கொள்ள இடம் இருந்தும் முந்தவில்லை. "அந்தப் போர்டுல என்ன போட்டிருக்கான், படியேன்" என்றார். படித்தாள். "மீன் வாடை அடிக்குதுல்ல?" என்றார். அடித்தது. கொஞ்ச நேரத்தில் தண்டவாளத்தின் மேல் ஏறி வண்டி தடதடத்தது. செக்கரம்மா சீட்டின் விளிம்புக்கு வந்துவிட்டாள். நோட்டில் இருந்த வரிசையேதான். அடுத்தது மஞ்சள் வீடு.

வந்தது. கடலைப் பார்த்த மாதிரி தனியாக ஒரு வீடு, முட்டை மஞ்சளில். மாடியில் துணி காய்கிறது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அவள் துணிகளை எண்ணினாள். பெண்கள் துணி நாலு. வாசல் கதவு பாதி திறந்திருந்தது. இதோ வரப்போகிறாள். வந்து கையைக் காட்டப்போகிறாள். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று சங்கச் செயலாளர் சிரித்த நாளிலிருந்தே ஒத்திகை பார்த்துவைத்திருந்தாள் செக்கரம்மா. அழக் கூடாது. இறங்கிப் போய், "வாம்மா, உனக்கு இவர் சட்டை அளவு தெரியுமா? நான் சொல்றேன், எழுதிக்கோ" என்று சொல்ல வேண்டும்.

யாரும் வரவில்லை. ஒரு நாய் எழுந்து நின்று மறுபடியும் படுத்துக்கொண்டது. டிரைவர் அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன எண்றீங்க?"

"சும்மா இரு. எண்ணிக்கை விட்டுப் போயிடும்."

"எதுக்கு எண்றீங்கன்னு கேட்டேன்."

"மூணு நிமிஷத்துல பாலம். நேர் ரோடு. பாலத்துக்கு முன்னால..."

அதை முடிக்காமல் அவர் மறுபடியும் எண்ணிக்கைக்குப் போனார். மூன்றாவது நிமிஷம் முடியப்போகும்போது பாலம் தெரிந்தது. பாலத்துக்கு முன்னால் சாலையை மறித்துச் சிவப்பும் வெள்ளையுமாகப் பீப்பாய்கள் நின்றன. பாலத்தின் ஒரு பாதியைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். முன்னால் போன லாரி இடது பக்கம் மண் பாதையில் இறங்கிவிட்டது. பீப்பாய்களுக்கு முன்னால், நட்ட நடுச் சாலையில், மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பெண் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் போ, இடது பக்கம் போ என்று இரண்டு கையாலும் ஆட்டினாள்.

டிரைவர் நேராகப் போனார். வேகம்கூடக் குறையவில்லை. முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. எதிரே சாலை காலியாக இருக்கிற மாதிரி, "நூத்தி எழுபது, நூத்தி எழுபத்தொண்ணு" என்று எண்ணிக்கொண்டே போனார்.

"ஆளு! ஆளு நிக்குது! ஐயோ, நிறுத்துங்க!"

அவள் கத்தின கத்தலில் அவர் கால் பிரேக்கில் ஏறியது. கார் நின்றது. பின்னால் இருந்த கேரவன் நிற்கவில்லை. வாலைச் சுழற்றின மாடு மாதிரி ஒரு பக்கமாக வீசி, இரண்டு பீப்பாய்களைத் தள்ளிக்கொண்டு போய்க் குறுக்கே நின்றது. உள்ளே தட்டு முட்டெல்லாம் உருண்டன. அப்புறம் சத்தமே இல்லை. கொடி சாலையில் கிடந்தது. கொடிக்காரி மண் மேட்டின் மேல் கையையும் முட்டியையும் ஊன்றிக் கிடந்தாள். கடைசி நொடியில் தாவியிருக்கிறாள்.

செக்கரம்மா எப்படி இறங்கினாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. "அடி பட்டுச்சாம்மா? எங்கம்மா பட்டுச்சு?"

"முட்டிதான் சிராய்ச்சிருக்கு" என்று எழுந்த கொடிக்காரிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். உயிர் திரும்பி வந்ததும் கூடவே வாயும் வந்தது. காரை நோக்கி நடந்தாள். "யோவ் பெரியவரே! கண்ணை என்ன வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தியா? கொடியை ஆட்டறேன், கத்தறேன், குதிக்கறேன், நீ பாட்டுக்கு மாமியார் வீட்டுக்கு வர்ற மாதிரி வர்ற! என் பிள்ளைக்கு ரெண்டு வயசுய்யா!"

டிரைவர் இறங்கி நின்றார். "பாலம் நேரா இருந்ததே" என்றார். "போன மாசம் நேராத்தான் இருந்தது."

"போன மாசம் இருந்ததை வெச்சா வண்டி ஓட்டுவாங்க?" என்று கேட்டவள், செக்கரம்மாவின் பக்கம் திரும்பினாள். "இந்தாளு என்னைப் பார்க்கவே இல்லக்கா. நான் அவரு கண்ணைத்தான் பார்த்துட்டு நின்னேன். அது என் மேல படவே இல்ல."

அந்த வார்த்தை செக்கரம்மாவின் நெஞ்சில் எங்கோ போய்ச் சிக்கியது. அது என் மேல படவே இல்லை. எட்டு மாதமாக அவளும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்?

அவள் கைப்பையைத் திறந்தாள். சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்தாள். தன் மூக்கின் மேல், நுனியைப் பார்த்த மாதிரி, ஒட்டிக்கொண்டாள். கொடிக்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். செக்கரம்மா நடந்துபோய் டிரைவருக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"என்னைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

"என் மூஞ்சில என்ன இருக்கு?"

அவர் சிரிக்க முயன்றார். "என்ன இருக்கும்? கோபம்தான்."

கொடிக்காரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. "ஆத்தீ" என்று மெதுவாகச் சொன்னாள்.

செக்கரம்மா கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். அப்படியே நின்றாள். நேரம் போகப் போக, அவர் முகம் மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது. கழுத்து சாய்ந்தது. அந்த ஓரக்கண். டீக்கடைக்காரிக்குக் கொடுத்த அதே ஓரக்கண்ணால் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். "ஏதோ சிவப்பா..." என்றார். அப்புறம் மண் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மாசமா" என்றார். "நடுவுல ஒரு கறை. எதை நேராப் பார்த்தாலும் அது மேல வந்து உட்கார்ந்துக்குது. ஓரமெல்லாம் தெரியுது. ரோட்டோட ரெண்டு கரையும் தெரியுது."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இனிமே சரியாகாதுன்னார்."

"வண்டி ஓட்டலாம்னாரா?"

அவர் விரலால் மண்ணைக் கீறினார்.

"கேட்கறேன்ல?"

"ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாதுன்னார்."

"அப்ப அந்தக் கூட்டம்? மூணு கூட்டம்?"

"ரூட் பழகினேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "டிப்போவுல புது ரூட் குடுத்தா மூணு நடை பஸ்ல உட்கார்ந்து போய் நோட்டு எடுக்கணும். மூணு நடைக்கப்புறம் கண்ணைக் கட்டிட்டும் ஓட்டலாம்னு சொல்லுவோம். இந்த ரூட்டு பஸ்ல மூணு நடை வந்தேன். சத்தம், வாடை, எத்தனை நிமிஷம், எல்லாம் எழுதினேன். உனக்குக் கடலைக் காட்டணும்னு..."

செக்கரம்மாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வேறு பெண் இல்லை. மஞ்சள் வீட்டில் காய்கிற துணி எவளுடையதோ, நன்றாகக் காயட்டும். அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. புருஷனுக்குக் கண் போகிறது என்று கேட்டவுடன் ஒருத்திக்கு நிம்மதி வருகிறதென்றால், அந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தினது யார்? எட்டு மாதம் தையலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். ஓட்டை துணியில் இருந்திருக்கிறது. அது அவள் தப்பு. மற்றதெல்லாம் அவர் தப்பு.

"எனக்காகன்னு சொல்லாதீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்குக் கடலைக் காட்டணும்னா அந்த மூணு நடையில ஒரு நடை என்னையும் பஸ்ல கூட்டிட்டு வந்திருக்கலாம். பக்கத்து சீட்டு காலியாத்தானே இருந்திருக்கும்? உங்களுக்குக் கடல் முக்கியமில்ல, நானும் முக்கியமில்ல. ஸ்டியரிங் முக்கியம்."

"அப்படி இல்லம்மா. இன்னும் நாலே நாள் ரூட்டுதான். எல்லாம் மனப்பாடம். இந்தப் பாலம் மட்டும்தான்..."

"உங்க மனப்பாடத்துல இந்தப் பொண்ணு இருந்தாளா?"

கொடிக்காரி முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"இருந்தாளான்னு கேட்கறேன். அவ பிள்ளைக்கு ரெண்டு வயசாம். அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? நானும் உங்களை ஒரு பொம்பளையோட பிடிக்கத்தான் வந்தேன். பிடிச்சிருந்தா என் ஒருத்தி வாழ்க்கையோட போயிருக்கும். அதுவே தேவலை."

இப்படி ஒரு மனுஷர் அழுவதை அவள் பார்த்ததில்லை. டிப்போவில் விபத்தே இல்லாத டிரைவர் என்று மாலை போட்டுக் கேடயம் கொடுத்தபோதுகூடக் கண் கலங்காதவர். அவள் தேற்றவில்லை. கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தார்.

மண் அள்ளுகிற லாரியின் டிரைவர் ஒருவர் வந்து காரையும் கேரவனையும் நிமிர்த்தி, பாலத்து வேலைக்காரர்களின் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தார். செக்கரம்மா தம்பிக்குப் போன் பண்ணினாள். "வண்டி இங்க நிக்குது, வந்து எடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். மத்ததை நேர்ல சொல்றேன்." கொடிக்காரியின் முட்டிக்கு மருந்து போட்டுவிட்டாள். கேரவனில் இருந்த ரொட்டி, பழம், பால் பவுடர் டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டு அவளிடம் கொடுத்தாள். "இது மன்னிப்புக்கு இல்ல. கெட்டுப் போகும்னு குடுக்கறேன். மன்னிப்பு அவர் கேட்கணும்."

டிரைவர் போய்க் கேட்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அவளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "போ பெரியவரே" என்றாள் கொடிக்காரி. "அக்கா பேச்சைக் கேட்டுப் பொழைச்சுப் போ."

பகல் பஸ் மண் பாதை வழியாக ஆடி ஆடி வந்து நின்றது. கண்டக்டர் இறங்கிப் பையை வாங்கிக்கொண்டான். "நோட்டுக்கார அண்ணனா! வாங்க, வாங்க. டிரைவர் சீட்டுக்குப் பின்னால உங்க இடம் காலியாத்தான் இருக்கு" என்றவன், செக்கரம்மாவைப் பார்த்துத் தயங்கினான். "அக்கா, மூக்குல என்னமோ ஒட்டியிருக்கு."

அவள் மறந்தே போயிருந்தாள். உரித்தாள். உரித்த அம்பு விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. கண்டக்டர் காட்டின சீட்டுக்குப் போகாமல் அதற்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அவர் சட்டைப் பைக்குள் கை விட்டாள். முப்பத்தேழு வருஷமாக அந்தப் பையை விட்டு இறங்காத டிரைவிங் லைசென்ஸை வெளியே எடுத்தாள். படத்தில் இளமையாக, நேராக, கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைக் காட்டி அம்பை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, திரும்ப அவர் கையில் வைத்தாள்.

அவர் பார்க்கவில்லை. விரலால் தடவினார். ஓரத்தைத் தடவினார், நுனியைத் தடவினார். அவள் கம்பெனிக் கதைகள் முப்பத்தொரு வருஷம் கேட்டவர். அம்பு ஒட்டினது பெட்டிக்குள் போகாது என்று அவருக்குத் தெரியாதா? லைசென்ஸை அவரே அவள் கைப்பையில் போட்டார்.

பஸ் பாலத்தைத் தாண்டிச் சாலை ஏறியது.

"இப்ப வலது பக்கம் ஒரு வளைவு" என்று அவர் மெதுவாகச் சொன்னார். "அதுக்கப்புறம் கடல் ரொம்பக் கிட்ட வரும்."

"வரட்டும். நான் பார்த்துக்கறேன். நீங்க வாயை மூடிட்டு வாங்க."

வளைவு வந்தது. கடல் கிட்டத்தில் வந்தது. அவள் இரண்டு நிமிஷம் பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும், பார்க்க வந்த கடல். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கம் நல்லாத் தெரியும்?"

"என்ன?"

"கண்ணு. எந்த ஓரம் நல்லாத் தெரியும்?"

"இடது ஓரம்" என்றார். "ஏன்?"

செக்கரம்மா எழுந்தாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் முழங்காலைத் தாண்டி, ஜன்னலோரத்தை விட்டு அவருக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, உடம்பை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள். "திட்டறப்ப என் மூஞ்சி தெரியணும்ல?"